விர்க்கோவின் வினா

வரலாறு என்றவுடன் அரசரும் போரும் நினைவுக்கு வருதல் இயல்பு. ஒரு வினாவுக்கும் வரலாறு உண்டு என்பதை இன்று காண்போம்.

1863ஆம் ஆண்டில் பெர்லின் நகரத்து மருத்துவப் பேரறிஞர் ருடால்ஃப் விர்க்கோ, புற்றுநோய்க் கட்டிகளினுள் இரத்தத்தின் வெள்ளணுக்கள் குழுமியிருப்பதைச் சுட்டிக் காட்டினார். புண்பட்ட இடத்திற்கு ஓடிவரும் காவலர் அவை. கட்டியில் அவற்றிற்கு என்ன பணி? தீராத அழற்சியே புற்றுநோய்க்கு வித்தாகிறது என விர்க்கோ கருதினார். ஆயினும் அக்காவலரை அழைத்தது யார்? அதனை அறியும் வழி அன்று இல்லை. வினா நூறாண்டுக்கு மேல் காத்திருந்தது.

உயிரணுக்கள் சில புரதங்களைச் சுரந்து ஒன்றுக்கொன்று செய்தி விடுக்கின்றன. அத்தூதுவர்க்குச் சைட்டோக்கைன்கள் என்று பெயர். எத்தூதுவரை, எப்போது, எவ்வளவு அனுப்புவது என்பது மரபணுக்கள் இயங்கும் முறையைப் பொறுத்தது.

1982இல் அமெரிக்க ஆய்வாளர்கள், மனிதரின் சிறுநீர்ப்பைப் புற்றணுவில் ராஸ் என்னும் மரபணுவைப் படித்தனர். அதில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது! செம்மையான ராஸ் புரதம் வேண்டும்போது இயங்கிப் பின் அடங்கும். பிழைபட்டதோ எளிதில் அடங்குவதில்லை. 1986இல் ரஞ்சன் சென், டேவிட் பால்டிமோர் என்னும் இருவர், மரபணுக்களை இயக்கும் என்.எஃப். கப்பா-பி என்ற புரதத்தைக் கண்டனர். பல சைட்டோக்கைன் மரபணுக்கள் அதன் ஆணைக்குப் பணிவன என்பது பின்னர்ப் புலனாயிற்று.

2004இல் டாஃப்னா பார்-சாகி குழுவினர் இந்நூல்களை ஒன்றாக முடிந்தனர். பிழைபட்ட ராஸ், இன்டர்லூக்கின்-8 என்னும் சைட்டோக்கைனை மிகுதியாகச் சுரக்கச் செய்கிறது. எலிகளில் வளர்ந்த கட்டிகளில், வெள்ளணுக்கள் திரளவும் புதிய இரத்தக் குழாய்கள் முளைக்கவும் அத்தூது இன்றியமையாததாக இருந்தது. அழைத்தது புற்றணுவே! புண்ணை ஆற்றவேண்டிய மொழியிலேயே அது பொய்யோலை விடுக்கிறது. எல்லாக் காவலரும் ஏமாறுவதில்லை. கட்டியைத் தாக்கும் வெள்ளணுக்களும் உண்டு.

ராஸின் ஒருவகைப் பிழையை அடக்கும் முதல் மருந்து, 2021இல் அமெரிக்காவில் நுரையீரல் புற்றுநோய்க்கென இசைவு பெற்றது.

எழுத்துப் பிழைகளைத் திருத்தியே நரை கண்டவன் நான். ஓர் எழுத்துத்தானே என்று மாணவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஓர் எழுத்து உயிரையும் மாய்க்கும். விடை கிடைக்காத வினாவைக் கைவிடாதீர்கள். விர்க்கோ விட்டுச் சென்றதைப் பிறர் முடித்தனர்.