கும்பகோணத்துக் கேள்வியும் சமனில் முடியும் ஆட்டமும்

1911-ஆம் ஆண்டு இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் 294-ஆம் எண்ணிட்ட கேள்வி ஒன்று அச்சானது. கேட்டவர் சீனிவாச இராமானுஜன். நிலையான வேலை இல்லாமல் அப்போது சென்னையில் இருந்தார். அவருடைய நோட்டுக் கணக்குகள் தொடங்கியதோ கும்பகோணம் சாரங்கபாணி சன்னிதித் தெரு வீட்டில். அதே ஆண்டு ஜூலையில் கல்கத்தாவில் ஐ.எஃப்.ஏ. கேடயத்துக்கான கால்பந்துப் போட்டி நடந்தது. அரையிறுதியில் மோகன் பகான் அணி மிடில்செக்ஸ் படைப்பிரிவோடு 1-1 என்று சமன் செய்தது. மறு ஆட்டம் ஆடித்தான் மேலே போக முடிந்தது. ஜூலை 29-இல் கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவை 2-1 என்று வீழ்த்திக் கேடயத்தை வாங்கியது. இந்தியக் கால்பந்து வரலாறு இறுதியாட்டத்தைக் கொண்டாடுகிறது. இக்கட்டுரைக்கு வேண்டியது அந்த அரையிறுதி.

ஒரு கணிதக் கேள்வியையும் ஒரு சமன் ஆட்டத்தையும் ஒரே கயிற்றில் கட்டுவது வலிந்து செய்யும் வேலையாகத் தோன்றலாம். இராமானுஜன் கால்பந்தைப் பற்றி எண்ணி அந்தக் கேள்வியை எழுதவில்லை. ஆனால் எந்த ஆட்டம் டிராவில் முடியும் என்று முன்கூட்டிச் சொல்ல உலகம் பின்னாளில் எடுத்துக்கொண்ட கருவி, அவர் அங்கே தொட்ட அதே தொடரின் மேல் நிற்கிறது. அந்தக் கருவி வளர்ந்த வழியைத் தேடிப் போனால் ஒரு முடிவு கிடைக்கிறது: சமனைக் கணிப்பது என்பது இரண்டு அணிகளும் சமபலமா என்று பார்ப்பதைவிட, கோல் எவ்வளவு அரிதாக விழும் என்று பார்ப்பதையே பெரிதும் சார்ந்தது.

கேள்வி 294

இராமானுஜன் கேட்டதை ஓர் எண்ணை வைத்தே பார்த்துவிடலாம். 2.718 என்று தொடங்கும் ஆய்லர் எண்ணை மூன்று முறை எழுதி ஒன்றோடொன்று பெருக்கினால் 20.0855. அதே எண்ணை ஒரு தொடராகவும் எழுதலாம்: 1, 3, 4.5, 4.5, 3.375 என்று உறுப்புகளைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். இதில் பாதி, அதாவது 10.0428, எங்கே வருகிறது? முதல் மூன்று உறுப்புகளைக் கூட்டினால் 8.5. நான்காவதான 4.5-இல் ஒரு பங்கு எடுத்தால் பாதியை எட்டலாம். அந்தப் பங்கு 0.343. மூன்றுக்குப் பதில் எந்த முழு எண்ணை வைத்தாலும் இந்தப் பங்கு அரைக்கும் மூன்றில் ஒன்றுக்கும் இடையில்தான் இருக்கும் என்பது கேள்வியின் சாரம். 1913 ஜனவரி 16-ஆம் தேதியிட்டு ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய முதல் கடிதத்தில் இதை இன்னும் நுட்பமான வடிவில் தந்தார். அரைக்கும் மூன்றில் ஒன்றுக்கும் இடையில் என்ற கூற்றுக்குக் கணித அறிஞர்கள் சேகோ 1928-இலும் வாட்சன் 1929-இலும் நிறுவல் அளித்தார்கள்.

இப்போது அதே எண்களுக்கு வேறு சட்டை போடுவோம். ஓர் ஆட்டத்தில் சராசரியாக மூன்று கோல் விழும் என்று வைத்துக்கொண்டால், 8.5-ஐ 20.0855-ஆல் வகுத்தால் வரும் 42.3 விழுக்காடுதான் இரண்டு கோலோ அதற்குக் குறைவாகவோ விழும் வாய்ப்பு. 4.5-ஐ வகுத்தால் 22.4, அது சரியாக மூன்று கோல் விழும் வாய்ப்பு. இது பிரெஞ்சுக்காரர் பாய்சான் 1837-இல் எழுதிய பரவல். நம் மேல்நிலைப் பள்ளி வணிகக் கணிதப் புத்தகத்திலும் இருக்கிறது. தேர்வுக்குப் படித்து மறந்தவர்கள் பலர். கேள்வி 294 பாய்சான் பரவலின் இடைநிலை எங்கே விழுகிறது என்பதைத் தொடுகிறது. இந்த உறவை 1994-இல் சிங்கப்பூரைச் சேர்ந்த க்வோக் புய் சோய் விரிவாக எடுத்துக் காட்டினார்.

பாய்சான் பரவலுக்குப் பேர் வாங்கிக்கொடுத்தது 1898-இல் புள்ளியியலாளர் போர்ட்கிவிச் எழுதிய நூல். பிரஷ்யக் குதிரைப்படையில் குதிரை உதைத்து இறந்தவர்களின் கணக்கு அதில் இருந்தது. எப்போதாவது நேர்வது, நேரம் குறித்து வராதது, ஒன்று நேர்ந்ததால் அடுத்தது உடனே வர வேண்டிய கட்டாயம் இல்லாதது: குதிரை உதையும் கோலும் ஒரே சாதி.

கூப்பன்காரர்களின் சமன்

ஆனால் கால்பந்துக்கு இந்தக் கணக்கைக் கொண்டுவந்த ஆசை பல்கலைக்கழகத்தில் பிறந்ததல்ல. 1923-இல் ஜான் மூர்ஸ் லிவர்பூலில் லிட்டில்வுட்ஸ் என்ற பெயரில், ஆட்ட முடிவுகளை முன்கூட்டிக் குறித்துப் பணம் கட்டும் கால்பந்துக் கூப்பன் தொழிலைத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டனில் பரவிய டிரெபிள் சான்ஸ் என்ற முறையில் சமனுக்குத்தான் அதிகப் புள்ளி. எட்டு சமன் ஆட்டங்களைச் சரியாகக் குறித்தவருக்குப் பெரும் பரிசு. இத்தாலியில் 1946-இல் வந்த கூப்பனில் சமனுக்கு ஒரு பெருக்கல் குறி. தமிழ்நாட்டில் 2003-இல் தடைசெய்யப்படும்வரை லாட்டரிச் சீட்டு எப்படி டீக்கடைப் பேச்சாக இருந்ததோ, பிரிட்டனில் அப்படி இருந்தது எட்டு டிரா.

பெரிய லீக் போட்டிகளில் ஏறத்தாழ நாலில் ஓர் ஆட்டம் சமனில் முடிகிறது. கண்ணை மூடிக்கொண்டு எட்டைக் குறித்தால் எட்டும் பலிக்க 65,536-இல் ஒரு வாய்ப்பு. நாலில் ஒன்றாக இருப்பதை மூன்றில் ஒன்றாக உயர்த்தத் தெரிந்தவனுக்கு 6,561-இல் ஒன்று. ஓர் ஆட்டத்தில் அற்பமாகத் தெரியும் முன்னேற்றம் எட்டு ஆட்டத்தில் பத்து மடங்காகிறது. கணக்குப் போடுபவர்களை இழுத்தது இந்த இடம்தான்.

வல்லுநர்களின் உள்ளுணர்வு இதில் எப்படி வேலை செய்தது என்பதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. 1963 ஜனவரியில் பிரிட்டனைப் பனி மூடியது, ஆட்டங்கள் தள்ளிப்போயின, கூப்பன் தொழில் படுத்துவிடும் நிலை. நடக்காத ஆட்டங்களுக்கு முடிவு சொல்ல ஒரு குழு அமைத்தார்கள். டாம் ஃபின்னி, டாமி லாட்டன் போன்ற பழைய ஆட்டக்காரர்கள் அதில் உட்கார்ந்தார்கள். முதல் கூட்டத்தில் 38 ஆட்டங்களுக்கு அவர்கள் தந்த தீர்ப்பு: உள்ளூர் அணிக்கு 23 வெற்றி, வெளியூர் அணிக்கு 8, சமன் 7. ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. யார் ஜெயிப்பார் என்று யோசிக்கத் தொடங்கியவர் யாரும் ஜெயிக்கமாட்டார் என்று முடிப்பது கடினம் போலும்.

தொடரிலிருந்து ஆடுகளத்துக்கு

1946-இல் ஸ்கெல்லம் என்ற ஆங்கிலேயப் புள்ளியியலாளர் இரண்டு பாய்சான் எண்ணிக்கைகளின் வித்தியாசத்துக்கு உரிய பரவலை வகுத்தார். வித்தியாசம் பூஜ்யம் என்றால் அதுதான் சமன். மொரோனி 1951-இல் தம் புள்ளியியல் நூலில் கோல் எண்ணிக்கையைப் பாய்சானோடு ஒப்பிட்டு, அது சற்றே விலகுவதைக் கண்டார். விமானப்படையில் இருந்த சார்ல்ஸ் ரீப், மைதானத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பாஸையும் குறித்துவைத்தவர்; பெஞ்சமினோடு சேர்ந்து 1968-இல் வெளியிட்ட கட்டுரையில் கால்பந்தில் தற்செயலின் பங்கு பெரிது என்று வாதிட்டார். இன்னொரு தனிப் பாதையும் இருந்தது: இருவர் இருவராக ஒப்பிடும் முறையில் சமனுக்கும் இடம் தந்து பி. வி. ராவும் குப்பரும் 1967-இல் எழுதினார்கள். அது கோலையே எண்ணாத முறை என்பதால் இங்கே அதற்குள் போகவில்லை.

திருப்பம் 1982-இல் வந்தது. புள்ளியியலாளர் மாஹர் ஒவ்வோர் அணிக்கும் தாக்கும் பலம் ஒன்று, தடுக்கும் பலம் ஒன்று என்று இரண்டு எண் கொடுத்தார். ஓர் அணியின் தாக்குதலும் எதிரணியின் தடுப்பும் சேர்ந்து கோல் சராசரியைத் தரும். அதைப் பாய்சானில் போட்டால் ஒவ்வொரு ஸ்கோருக்கும் வாய்ப்பு கிடைக்கும். இரண்டு அணிகளுக்கும் சராசரி 1.3 என்று வைத்து நானே போட்டுப் பார்த்தேன்: 0-0 வர 7.4 விழுக்காடு, 1-1 வர 12.6, 2-2 வர 5.3, 3-3 வர 1. மொத்தத்தில் சமன் 26.4. சராசரியை இரண்டாக உயர்த்துங்கள். அணிகள் அப்போதும் சமபலம்தான், ஆனால் சமன் 20.7-ஆக இறங்குகிறது. 0.8-ஆகக் குறையுங்கள், 35.3-ஆக ஏறுகிறது. ஒருபக்கம் 2.4, மறுபக்கம் 0.6 என்ற ஏற்றத்தாழ்வில் 15.2.

காவிரி டெல்டாக்காரர்களுக்கு இது புதிதாக இருக்காது. இங்கே ஊருக்கு ஊர் கபடி நடக்கிறது. இரண்டு அணியும் ஆளுக்கு முப்பது புள்ளி எடுக்கும் ஆட்டத்தில் இதே கணக்கைப் போட்டால் சமன் வாய்ப்பு 5 விழுக்காடு அளவில் நிற்கிறது. ஒரே ரெய்டில் பல புள்ளி வரலாம் என்பதால் கபடிக்குப் பாய்சான் சட்டை சரியாகப் பொருந்தாது. ஆனாலும் புள்ளி பெருகினால் சமன் சுருங்கும் என்பது விளங்கும்.

பழைய பதிவு ஒன்றும் இதற்குத் துணை நிற்கிறது. 1888-89-இல் நடந்த முதல் ஆங்கில லீக்கில் 132 ஆட்டங்கள், 586 கோல்கள், ஆட்டத்துக்கு 4.44. சமனுக்கு ஒரு புள்ளி என்ற விதியே தொடர் தொடங்கிய பிறகுதான் முடிவானது. அந்தப் பருவத்தின் சமன்கள் 22, அதாவது ஆறில் ஒன்று. எல்லா அணியும் சமபலம் என்று கொண்டால் பாய்சான் தரும் விடை 19.6 விழுக்காடு. மெய்யான 16.7 அதற்குக் கீழே இருப்பதற்குக் காரணம் தோல்வியே காணாத பிரெஸ்டனும் கடைசியில் கிடந்த ஸ்டோக்கும் ஒரே தொடரில் ஆடியதுதான்.

இங்கே ஒரு சங்கடமும் வெளிப்படுகிறது. 1.3-க்கு 1.3 ஆட்டத்தில் சமன் 26.4 என்றால் ஒவ்வோர் அணியின் வெற்றிக்கும் 36.8 இருக்கிறது. ஆக, ஒரே ஒரு விடை சொல் என்றால் கணக்கு ‘சமன்’ என்று சொல்லவே சொல்லாது. சமபல அணிகளுக்கும் மொத்தக் கோல் சராசரி 1.76-க்குக் கீழே இறங்கினால்தான் சமன் முதலிடத்துக்கு வருகிறது. மேட்டூரில் ஜூன் 12-இல் தண்ணீர் திறப்பார்களா என்று கேட்கும் உழவருக்கு வேண்டியது ஆம் அல்லது இல்லை. ஆனால் நாற்றங்காலுக்கு எவ்வளவு விதை விடலாம் என்று தீர்மானிக்க உதவுவது நாலில் ஒன்றா மூன்றில் ஒன்றா என்ற எண். சமன் கணிப்பும் அந்த வகை.

மாஹரின் கணக்கில் ஒரு குறை இருந்தது. இரண்டு அணிகளின் கோலும் ஒன்றை ஒன்று பாதிப்பதில்லை என்று அது கொண்டது. ஆட்டம் பார்த்தவருக்குத் தெரியும், எண்பதாவது நிமிடத்தில் 1-1 என்றால் இரண்டு பக்கமும் காலைப் பின்னுக்கு இழுப்பார்கள். 1997-இல் டிக்ஸனும் கோல்ஸும் 0-0, 1-0, 0-1, 1-1 என்ற நான்கு ஸ்கோர்களுக்கு மட்டும் ஒரு திருத்தம் வைத்தார்கள். பழைய ஆட்டங்களுக்கு எடை குறைத்தார்கள். 2003-இல் கிரேக்கர்களான கார்லிஸும் என்ட்சூஃப்ராஸும் இரண்டு அணிகளின் கோலையும் இணைத்துப் பார்க்கும் இருமாறிப் பாய்சானை எடுத்து, சமன் ஸ்கோர்களுக்கு மட்டும் தனியே கூடுதல் இடம் ஒதுக்கினார்கள். என் பார்வையில் இந்த வரலாற்றின் நேர்மையான படி டிக்ஸன்-கோல்ஸ் திருத்தம்தான். எங்கே தவறுகிறதோ அங்கே மட்டும் கைவைத்தது.

விதி மாறினாலும் சமன் மாறும். வெற்றிக்கு மூன்று புள்ளி என்பதை இங்கிலாந்து 1981-இல் கொண்டுவந்தது; உலகக் கோப்பைக்கு அது 1994-இல் வந்தது. இடையில், வெற்றிக்கு இரண்டு புள்ளியே இருந்த 1982 உலகக் கோப்பையில் முதல் சுற்றின் மூன்று ஆட்டங்களையும் சமன் செய்த இத்தாலி கோப்பையையே வாங்கிக்கொண்டு போனது. சமனே இரண்டு அணிக்கும் போதும் என்ற நிலையும் உண்டு: 2004 ஐரோப்பியக் கோப்பையில் டென்மார்க்கும் ஸ்வீடனும் 2-2 என்று முடித்தால் இத்தாலி வெளியேறும் என்ற நிலை. ஆட்டம் 2-2 என்றே முடிந்தது. எந்தப் பாய்சானும் இதைச் சொல்லியிராது, பத்திரிகை படித்தவன் சொல்லியிருப்பான்.

நம் பக்கத்துச் சோதனை

2022 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் இந்தியா ஆடிய எட்டு ஆட்டங்களை இந்தக் கணக்கில் வைக்கலாம். 2019 செப்டம்பர் 10-இல் தோஹாவில் ஆசியச் சாம்பியன் கத்தாரோடு 0-0. அணித்தலைவர் சுனில் சேத்ரி இல்லாத ஆட்டம். குர்பிரீத் சிங் சந்து கோலைக் காத்து நின்றார். அடுத்து வங்கதேசத்தோடு 1-1, ஆப்கானிஸ்தானோடு 1-1, 2021-இல் மறுபடி ஆப்கானிஸ்தானோடு 1-1. எட்டு ஆட்டங்களில் இந்தியா அடித்தது 6, வாங்கியது 7. ஆட்டத்துக்கு 1.625 கோல், மேலே சொன்ன 1.76-க்குக் கீழே. அந்தச் சராசரிகளில் சமன் வாய்ப்பு ஏறத்தாழ 35 விழுக்காடு, எட்டு ஆட்டத்துக்கு 2.8. நடந்தது 4. எதிரணிகள் வெவ்வேறு பலம் கொண்டவை என்பதால் இது தோராயமே. ஆனாலும் இந்தியா இத்தனை டிரா செய்ததை வீரம் என்றோ கோழைத்தனம் என்றோ பேசியவர்கள் கோல் வறட்சியை முதலில் பார்த்திருக்கலாம்.

கோல் குறைந்தால் சமன் கூடும் என்பதைத் தஞ்சை மாவட்டத்திலும் சோதிக்க இடம் உண்டு. அதிராம்பட்டினத்தில் தொடர் போட்டிகள் நடக்கின்றன. எழுவர் ஆட்டமும் உண்டு. சமனானால் டைபிரேக்கர், ஜெயித்தவர் அடுத்த சுற்றுக்குப் போய்விடுவார். ஆட்டம் முடிந்ததும் ஊர் நினைவில் வைப்பது அந்தப் பெனால்டிகளைத்தான். போட்டி நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள்: டைபிரேக்கருக்கு முன் ஸ்கோர் என்ன, கோல் எந்த நிமிடத்தில் விழுந்தது என்ற இரண்டையும் நோட்டில் எழுதுங்கள், அந்த நோட்டைப் பழைய பேப்பர் கடைக்குப் போடாதீர்கள்.