எண்ணப்படாதோரை எண்ணிய வரலாறு

ஐந்து அப்பங்களையும் இரண்டு மீன்களையும் கொண்டு இயேசு பெருந்திரளான மக்களின் பசியாற்றிய நிகழ்ச்சியை நற்செய்தியாளர் நால்வரும் எழுதி வைத்துள்ளனர். உண்டவர்களின் தொகையைக் கூறும் மத்தேயு, ஆண்கள் ஏறத்தாழ ஐயாயிரம் பேர் என்கிறார்; பெண்களும் பிள்ளைகளும் அத்தொகையில் சேரவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறார். அக்காலத்துக் கணக்கு முறை அது. ஆனால் யோவான் நற்செய்தியைப் புரட்டினால், அந்த அப்பங்களையும் மீன்களையும் வைத்திருந்தவன் ஒரு சிறுவன் என்று அறிகிறோம். விருந்துக்குப் பொருள் தந்தவனுக்கே விருந்தினர் கணக்கில் இடமில்லாமல் போயிற்று!

மனிதரை மனிதர் எண்ணிய வரலாறு நெடுகிலும் இந்த விடுபாடு தொடர்ந்து வந்துள்ளது. தாவீது அரசரின் கட்டளையை ஏற்று யோவாபு ஒன்பது மாதமும் இருபது நாளும் நாடெங்கும் சுற்றித் திரட்டிய தொகை, வாளேந்தும் வீரர்களின் தொகையே. அகுஸ்து சீசரின் கட்டளைப்படி யோசேப்பு பெத்லகேமுக்குப் பெயர்ப்பதிவு செய்யச் சென்றார். உடன் சென்ற மரியாவின் வயிற்றிலிருந்த குழந்தையைப் பற்றி அந்தப் பேரரசுக்கு எந்த அக்கறையும் இருந்திருக்க முடியாது. அரசுகளுக்கு வேண்டியிருந்தவை வரியும் படையும். பிறந்த குழந்தை பிழைத்ததா, அதன் எடை என்ன, அது எத்தனை நாள் வாழ்ந்தது என்ற கேள்விகள் அரண்மனைக்கு எட்டவில்லை.

திருச்சபையின் ஏடுகள் இதில் சற்றே வேறுபட்டவை. 1563ஆம் ஆண்டில் திரிதெந்து பொதுச்சங்கம் ஒவ்வொரு பங்குத்தந்தையும் திருமுழுக்குப் பதிவேடு வைத்திருக்க வேண்டும் என விதித்தது. 1614ஆம் ஆண்டின் உரோமைச் சடங்கு நூல் இறந்தோர் பதிவேட்டையும் சேர்த்தது. 1606ஆம் ஆண்டிலேயே மறைமாவட்டமாக உயர்ந்த மயிலைக்கு இம்மரபு புதிதன்று. சாகும் தறுவாயில் அவசரத் திருமுழுக்குப் பெற்ற பச்சிளங்குழந்தைக்கும் இவ்வேடுகளில் ஒரு வரி உண்டு. ஒரு நாழிகையே வாழ்ந்த உயிரும் ஓர் உயிரே என்பதற்கு அந்த ஒற்றை வரி சான்று. எனினும் பங்கு ஏட்டில் இடம்பெற்றவர்கள் பங்கு மக்கள் மட்டுமே. ஊரிலுள்ள மற்றக் குழந்தைகளை யார் எண்ணுவது?

சென்னை மாநகரில் குழந்தையின் பசியைப் பொதுப்பணத்தின் பொறுப்பாக ஏற்ற முயற்சிக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வயதாகிறது. தியாகராய நகர் எவர் பெயரைத் தாங்கி நிற்கிறதோ, அந்தச் சர் பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக விளங்கிய 1920ஆம் ஆண்டில், ஆயிரம்விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் மாணவர்களுக்குச் சிற்றுண்டி வழங்க மன்றம் இசைவளித்தது. செலவு, நாளொன்றுக்கு ஒரு பிள்ளைக்கு ஓரணாவுக்கு மேற்படலாகாது. பின்னர் 1956இல் காமராசரின் மதிய உணவுத் திட்டமும், 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டமும் வந்தன. இடையே 1980இல் உலக வங்கியின் உதவியோடு தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், சிற்றூர்களில் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்துப் பார்த்து, எடை ஏறாத குழந்தைகளுக்குக் கூடுதல் உணவு அளித்தது. பசியைக் கண்ணால் மதிப்பிடுவது போதாது, தராசில் வைத்தே அறிய வேண்டும் என்ற தெளிவு அப்போது வேரூன்றியது.

இத்தகைய அறிவை நாடு முழுவதற்கும் ஒரே அளவுகோலால் திரட்டிய பெருமுயற்சியே தேசியக் குடும்பநல ஆய்வு. மத்திய சுகாதார, குடும்பநல அமைச்சகத்தின் சார்பில், மும்பையிலுள்ள பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் அதை ஒருங்கிணைத்தது. 1992-93இல் நடைபெற்ற முதல் ஆய்வில் 88,562 இல்லங்கள் இடம்பெற்றன. மணவாழ்வு கண்ட 89,777 பெண்கள் விடையளித்தனர். அடுத்த ஆய்வுகள் 1998-99, 2005-06, 2015-16, 2019-21 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்தன. ஐந்தாவது ஆய்வில் பங்கேற்ற இல்லங்கள் 6,36,699. தமிழ்நாட்டில் அந்த ஆய்வின் களப்பணி 2020இல் தொடங்கி, கொரோனாப் பொதுமுடக்கத்தால் தடைப்பட்டு, பின்னர் தொடர்ந்து நிறைவுற்றது.

எல்லா வீடுகளுக்கும் செல்ல இயலாது என்பதால் இவ்வாய்வு மாதிரி முறையைக் கையாள்கிறது. முதலில் சிற்றூர்களும் நகர வட்டங்களும் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. அங்குள்ள வீடுகள் அனைத்தையும் பட்டியலிட்டு, வரைபடம் வரைந்து, அவற்றிலிருந்து விதிப்படி சில வீடுகளைப் பொறுக்குகின்றனர். பிந்தைய ஆய்வுகளில் இவ்வெண்ணிக்கை வட்டத்துக்கு 22. இங்கே ஒரு விதி நம் கவனத்துக்குரியது. தேர்வான வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டைச் சேர்த்துக்கொள்ளக் கூடாது. மீண்டும் அதே வீட்டுக்குத்தான் செல்ல வேண்டும். எளிதில் கிடைப்பவர்களையே எண்ணிக்கொண்டு போனால் கணக்கு பொய்யாகிவிடும். தொண்ணூற்றொன்பது ஆடுகள் இருந்தும் காணாமற்போன ஒன்றையே தேடிப்போன ஆயனின் உவமையை அறிந்த நமக்கு, இவ்விதியின் நியாயம் எளிதில் விளங்கும்.

வீட்டுக்குள் நுழைந்தபின் நிகழ்வதுதான் இவ்வாய்வின் உயிர்நாடி. பெண்களிடம் பெண்களே வினவுகின்றனர். ஒப்புதல் பெற்ற பின்பே, பிறர் கேளாத இடத்தில் உரையாடல் நடைபெறுகிறது. விருப்பமில்லாத கேள்விக்கு விடை கூறாதிருக்கவும் உரிமையுண்டு. உங்களோடு வாழும் மகன்கள் எத்தனை பேர், மகள்கள் எத்தனை பேர், வேறிடத்தில் வாழ்வோர் எத்தனை பேர் என்று கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. அதன்பின், உயிரோடு பிறந்து இறந்துபோன பிள்ளை உண்டா என்று கேட்கிறார்கள். தாய் இல்லையென்றாலும் கேள்வி அங்கே முடிந்துவிடுவதில்லை. ஒருமுறை அழுதோ, உயிர்ப்பின் அறிகுறி காட்டியோ, சில மணி நேரமோ சில நாளோ மட்டும் வாழ்ந்த குழந்தையேனும் உண்டா என்று மீண்டும் மெல்ல வினவ வேண்டும்.

இக்கேள்வி ஏன் இத்தனை முறை? நம் இல்லங்களில் பெயர் சூட்டும் முன்னரே மறைந்த குழந்தையைப் பற்றிப் பேசும் வழக்கம் அரிது. 'எத்தனை பிள்ளைகள்?' என்று கேட்டால் உயிரோடிருப்பவர்களையே சொல்கிறோம். அதிலும் பெண் குழந்தையின் சாவு சில இல்லங்களில் மறைக்கப்பட வேண்டிய செய்தியாக இருந்தது. முதல் ஆய்வு தொடங்கிய அதே 1992ஆம் ஆண்டில், பெண் சிசுக்கொலையைத் தடுக்க சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்க வேண்டியிருந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது. தாயின் நெஞ்சில் மட்டும் புதைந்து கிடந்த அந்தக் குழந்தைகளை நாட்டின் கணக்கில் ஏற்றியவை இந்தக் கேள்விகளே. பங்கு ஏட்டின் ஒற்றை வரி செய்த பணியை, சமய எல்லை கடந்து, இவ்வாய்வு செய்தது.

அக்கணக்கு சொல்லும் செய்தி என்ன? தமிழகத்தில் உயிரோடு பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஓராண்டு நிறையும் முன் இறந்தவர்கள் முதல் ஆய்வின்படி ஏறத்தாழ 68 பேர். இரண்டாம் ஆய்வில் 48, மூன்றாவதில் 30, நான்காவதில் 20, ஐந்தாவதில் 19 என இத்தொகை இறங்கி வந்தது. ஆயிரத்துக்கு ஏறத்தாழ ஐம்பது தாய்மாரின் கண்ணீர் தடுக்கப்பட்டதென்றால், அதன்பின் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், மருத்துவர் எனப் பல்லாயிரவரின் உழைப்பு இருக்கிறது.

ஆனால் மெய்யான கணக்கு, பெருமைக்குத் தீனி போடுவதோடு நின்றுவிடாது. தடுப்பூசிகள் அனைத்தையும் பெற்ற குழந்தைகளின் விழுக்காட்டில் இரண்டாம் ஆய்வின்போது 89 பெற்று நாட்டிலேயே முதலிடத்தில் நின்ற தமிழகம், மூன்றாம் ஆய்வில் 81 ஆகவும், நான்காம் ஆய்வில் 70 ஆகவும் சரிந்தது; ஐந்தாம் ஆய்விலேயே மீண்டும் 89ஐ எட்டியது. ஆய்வு இல்லாதிருந்தால், பழைய புகழின் நிழலிலேயே இளைப்பாறியிருப்போம். ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரமில்லாத குழந்தைகள் ஐந்தாம் ஆய்விலும் நால்வருக்கு ஒருவர். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் இரத்தசோகையுற்ற குழந்தைகள் நான்காம் ஆய்வில் 51 விழுக்காடாக இருந்து, ஐந்தாம் ஆய்வில் 57 ஆகக் கூடினர். முதல் ஆய்வின் காலத்தில் தமிழகம் உள்ளிட்ட சில மாநிலங்களுக்கு உயரம் அளக்கும் பலகை உரிய நேரத்தில் கிடைக்காததால், குழந்தைகளின் உயரம் இங்கே அளக்கப்படவேயில்லை. அளக்காத குறை, இல்லாத குறைபோலத் தோற்றமளிக்கும் என்பதற்கு இது நல்லதோர் எச்சரிக்கை.

சென்னைவாழ் மக்களாகிய நமக்கு மூன்றாம் ஆய்வு தனிச் சிறப்புடையது. இந்தியாவின் எட்டு நகரங்களில் குடிசைப் பகுதிகளையும் பிற பகுதிகளையும் அது தனித்தனியே ஆராய்ந்தது. சென்னை அவற்றுள் ஒன்று. வறுமை குடிசைப் பகுதியின் எல்லைக்குள் மட்டும் அடங்கியிருக்கவில்லை என்பதை அது வெளிப்படுத்தியது. மயிலையின் மாடவீதிகளுக்கும் நொச்சிக்குப்பத்துக்கும் இடைப்பட்ட தொலைவு நடந்து கடக்கக் கூடியதே. பெசன்ட் நகரின் அடுக்கு வீடுகளுக்கு அருகிலேயே ஊரூர் ஆல்காட் குப்பம் இருக்கிறது. மாளிகையின் பின்கட்டிலும், வாயிற்காப்போனின் ஒற்றை அறையிலும், கட்டட வேலை நடக்கும் இடத்திலும் குழந்தைகள் வளர்கிறார்கள். நகரின் சராசரி எண் அவர்களை மூடி மறைத்துவிடும். வீடு வீடாகச் சென்று கேட்பவரே அவர்களைக் காண்பர்.

ஆகவே, கணக்கெடுக்க வருபவரிடம் நாம் எவ்வாறு நடந்துகொள்கிறோம் என்பது சிறு செய்தியன்று. அடுக்ககத்தின் இரும்புக் கதவருகே காவலர் திருப்பி அனுப்பிவிடும் பெண்ணின் கையில் ஒரு தராசு இருக்கலாம். நமக்குக் குறையொன்றும் இல்லை, நம் வீட்டில் எதற்கு என்று எண்ணுவது இயல்பே. ஆனால் நிறைவுள்ள இல்லத்தின் விடையும் சேர்ந்தால்தான் குறையுள்ள இல்லத்தின் குறை எவ்வளவென்று புலப்படும். அவருடைய அடையாளச் சீட்டைக் கேட்டு உறுதிசெய்துகொள்வோம். பின்பு உள்ளே அழைத்து அமரச் செய்வோம். நம் வீட்டில் பணிபுரியும் பெண்ணின் வாயிலுக்கும் அத்தகையோர் வரக்கூடும். அவர் அஞ்சாமல் விடையளிக்கத் துணைநிற்போம். அன்பியக் கூட்டங்களில் குழந்தைகளின் எடையையும் தடுப்பூசி அட்டையையும் பற்றிப் பேசுவது செபத்துக்கு இடையூறு ஆகாது.

அன்று கலிலேயாவில் எண்ணிக்கைக்கு வெளியே நின்றவர்களும் இயேசுவின் கையிலிருந்து வந்த அப்பத்தை உண்டனர். அவர் கணக்கில் எவரும் விடுபடவில்லை. நம் கணக்கிலும் எக்குழந்தையும் விடுபடாதிருப்பதாக.