வேங்கடசுப்பையரின் பாட்டு

உ.வே. சாமிநாதையரைப் பற்றிப் பேசுங்கால் நாம் ஏடுகளையே பேசுகிறோம். அந்த வீட்டில் ஒலித்த பாட்டை மறந்துவிடுகிறோம். பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரத்துக்காரரான அவருடைய தந்தையார் வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான். உடையார்பாளையம் சமஸ்தானத்தில் விளங்கிய கனம் கிருஷ்ணையர் அவருக்கு அம்மான். அவரிடமே குருகுலவாசம் செய்து பாட்டுக் கற்றவர். பொப்பிலி கேசவையா தஞ்சைக்கு வந்து பாடிய கன மார்க்கத்தைத் தாமும் அப்பியசித்து, அதனாலேயே 'கனம்' என்ற அடைமொழியைப் பெற்றவர் கிருஷ்ணையர்.

வித்தை இருந்தது, வருவாய்தான் நிலையாக இல்லை. நெல் கொழிக்கும் காவிரிக்கரையிற் பிறந்தவர், பிழைப்பைத் தேடி வானம் பார்த்த பூமியாகிய அரியலூர், குன்னம் முதலிய ஊர்களுக்குக் குடும்பத்தோடு சென்று இராமாயணப் பிரசங்கம் செய்தார் என்பது வேடிக்கைதான். சீகாழி அருணாசலக் கவிராயர் (1711-1779) இயற்றிய இராம நாடகக் கீர்த்தனங்களே இத்தகைய பிரசங்கங்களுக்கு உயிர். கம்பனை அடியொற்றிய அந்நூலில் ஊர்ப்பேச்சும் பழமொழியும் தாராளமாகப் புழங்கும். சூர்ப்பணகையும் மந்தரையும் வாய் திறந்தால் சபையில் சிரிப்பு எழாமல் இராது. இலக்கணம் அறியாத உழவரும் இரவெல்லாம் உட்கார்ந்து கேட்டதற்கு இராம பக்தி மட்டுமே காரணம் என்று நமக்குத் தோன்றவில்லை.

மகனும் பாடகனாக வேண்டும் என்பது தந்தையின் ஆசை; மகனுடைய மனமோ தமிழில் விழுந்தது. 1871-இல் மாயூரத்துக்கு அழைத்துச் சென்று மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஒப்படைத்தவரும் அத்தந்தைதான். இருந்தாலும் ஆசை விடவில்லை. அவ்வூரிலேயே இருந்த, நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் மகன் இசைப்பயிற்சியைத் தொடர ஏற்பாடாயிற்று. பிள்ளையவர்களுக்கு அது உவப்பாக இல்லை என்று தெரிந்ததும் மாணாக்கர் பாட்டை நிறுத்திவிட்டார். ஆசிரியர் மனம் கோணலாகாது. தந்தை மனமோ என்ன பாடுபட்டிருக்கும்! சுயசரிதத்தில் ஐயரவர்கள் இதனை ஆரவாரமின்றிச் சொல்லிச் செல்கிறார். நமக்கு அப்படிக் கடந்து செல்ல முடியவில்லை.

கற்றது வீண் போயிற்றா? 1892-இல் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்தபோது, அரங்கேற்று காதையின் யாழும் குழலும் பண்ணும் வெறும் சொற்களாக அவர் செவியில் விழுந்திரா என்றே நாம் எண்ணுகிறோம். அவருடைய கட்டுரைகளில் கதை நடக்கும் விதத்தையும் பாருங்கள். கேட்பவரைக் காக்கவைத்து, கடைசியில் ஒரு சிறு சொல்லால் சிரிக்கவைப்பார். ஏட்டுச்சுவடியிலிருந்து கற்கும் வித்தையன்று அது. பிரசங்க மேடைக்கு அருகில் உட்கார்ந்த சிறுவன் கற்றது.

கிருஷ்ணையரிடம் பாடம் கேட்டவர் தந்தையே, மகனல்லர். தந்தையிடமும் பிறரிடமும் கேட்ட செய்திகளைத் தொகுத்து, 'கனம் கிருஷ்ணையர்' என்ற நூலை ஐயரவர்கள் 1936-இல் வெளியிட்டார். அப்போது அவருக்குப் பிராயம் 81. மாயூரத்தில் பாட்டை நிறுத்தி அறுபது ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தன.