பி.பி. நம்பரும் கூப்பிடப் போன ஆளும்

பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சேர்த்து வைப்பது என் வழக்கம். திண்டிவனம், விழுப்புரம் பக்கத்துப் பத்திரிகைகளில் செல்போனுக்கு முந்தைய காலத்து வழக்கம் ஒன்று உண்டு. திண்டிவனத்துக்கான 04147, விழுப்புரத்துக்கான 04146 என்று தொடங்கும் எண்ணுக்குப் பக்கத்தில் 'பி.பி.' என்று போட்டிருக்கும்.

பி.பி. என்றால் 'பர்டிகுலர் பெர்சன்'. டிரங்க் கால் காலத்தில், இன்ன ஆளோடுதான் பேச வேண்டும் என்று பதிவு செய்யும் அழைப்பின் பெயர் அது. நம்ம ஊரில் அதற்கு வேறு அர்த்தம் வந்துவிட்டது: போன் எங்களுடையது இல்லை, பக்கத்து வீட்டுக்காரருடையது, சொன்னால் கூப்பிட்டு விடுவாங்க.

அப்படிக் கூப்பிட ஓடியது பெரும்பாலும் அந்த வீட்டுச் சின்னப் பிள்ளை. பத்து நிமிஷம் கழித்து மறுபடி மணி அடிக்கும். இது பெரிய உதவிதான், சந்தேகமே இல்லை. ஆனால் யாருக்கு எங்கிருந்து போன் வந்தது, பேசும்போது அழுதாளா சிரித்தாளா என்பதெல்லாம் அந்த வீட்டுக்குத் தெரிந்துவிடும். இன்னொன்றும் உண்டு. இந்தப் பக்கத்துக் கிராமங்களில் ஊர் வேறு, காலனி வேறு. போன் இருந்தது ஊர்த்தெரு வீட்டில் என்றால், காலனிக்காரர் எந்தத் திண்ணை வரை போகலாம் என்ற பழைய கணக்கு போனுக்கும் பொருந்தியது.

அதை ஓரளவு உடைத்தது எஸ்.டி.டி. பூத். 1984இல் சி-டாட் தொடங்கி உள்நாட்டிலேயே எக்ஸ்சேஞ்ச் தயாரான பிறகு, மஞ்சள் போர்டு பஸ் ஸ்டாண்டு தோறும் வந்தது. பூத் உரிமம் தருவதில் மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை இருந்தது. கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டால், மீட்டர் ஓடும் வரை அந்த இடம் உங்களுடையது. நீ எந்தத் தெரு என்று பில் கேட்காது.

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி போகும் வழியில் வில்லியனூர். 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அதை மையமாக வைத்துக் கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. இடத்தை ஊர் தர வேண்டும், எல்லாச் சாதியினரும் உள்ளே வர வேண்டும் என்பது நிபந்தனை. கடலோர ஊர்களில் அலை உயரத் தகவலை ஒலிபெருக்கியில் சொன்னார்கள். 2004 டிசம்பர் 26 அன்று நல்லவாடு என்ற மீனவ ஊருக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு போன் வந்தது. அந்த எச்சரிக்கையை மைய ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஊரே வெளியேறியது, உயிர்கள் தப்பின. ஒருவருக்கு வந்த அழைப்பு ஊருக்கே செய்தியானது.

2003 மே மாதம் செல்போனில் இன்கமிங் இலவசமானது. 2016இல் ஜியோ வந்து இணையம் மலிவானது. பி.பி. என்ற இரண்டு எழுத்து பத்திரிகையிலிருந்து மறைந்தது. பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் ஒரு பெண் தன் அம்மாவிடம் மனம் விட்டுப் பேசலாம் என்பது சாதாரண லாபம் இல்லை. பழைய காலம் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனசு வராது.

ஆனால் அந்தத் திண்ணைக் கணக்கு முழுசாக ஒழிந்துவிடவில்லை. இன்று வாட்ஸ்அப் குரூப்பைப் பாருங்கள்: சொந்தக்காரர் குரூப், சாதி சங்க குரூப், தெரு குரூப். ஊரும் காலனியும் சேர்ந்து இருக்கும் குரூப் எத்தனை? ஒலிபெருக்கிக்கு அட்மின் கிடையாது. காது இருந்தால் போதும்.

2024 ஃபெஞ்சல் புயலில், திண்டிவனத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. அந்த மாதிரி ராத்திரியில் கரண்ட் போய், சார்ஜும் இறங்கிவிட்டால், எந்த குரூப்பும் வேலைக்கு ஆகாது. யாராவது போய்க் கதவைத் தட்டத்தான் வேண்டும். யார் வீட்டுக் கதவை யார் தட்டுவார் என்பதை அன்றைக்கு முடிவு செய்ய முடியாது. அந்தப் பழக்கம் முன்பே இருக்க வேண்டும்.