ஆளை மாற்றினால் ஆட்டம் மாறுமா?

நடுவர் அவர்களே! எதிரணிச் சகோதரி ஒரே போடாகப் போட்டுவிட்டார்கள். "ஜெர்மனி பயிற்சியாளரை மாற்றியது, இரண்டே வருஷத்தில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம்!"

சரி, நானும் ஜெர்மனிக்கே வருகிறேன். 2000, ஐரோப்பியக் கோப்பை. மூன்று ஆட்டம், ஒரு வெற்றி கிடையாது. அடித்ததே ஒரு கோல். தற்காப்பில் நின்ற மத்தேயுஸ் பெரிய ஆட்டக்காரர்தான், ஆனால் வயது 39! (சிரிப்பு) பயிற்சியாளர் ரிப்பெக் போனார், ஃபோலர் வந்தார். 2002இல் இறுதி ஆட்டம், வாஸ்தவம். புது மருமகள் வந்த வீட்டிலே பத்து நாள் சமையல் மணக்கத்தானே செய்யும்? சகோதரி அதோடு நிறுத்திக்கொண்டார்கள். 2004இல் என்ன ஆச்சு? அதே ஃபோலர். மறுபடியும் முதல் சுற்றிலேயே வெளியே, மறுபடியும் ஒரு வெற்றி கிடையாது! (கைதட்டல்)

இதற்கு நடுவிலே, சத்தமில்லாமல் ஒரு காரியம் நடந்தது. சிறுவர்களுக்குப் பயிற்சிப் பள்ளி நடத்தினால்தான் முதல் பிரிவுக் கிளப்புக்கு உரிமம் என்றது கால்பந்துச் சங்கம். நாடு முழுக்க 300க்கு மேல் பயிற்சி மையங்கள். சின்னப் பிள்ளைகளை ஊர் ஊராய்த் தேடிப் போனார்கள். பிள்ளை வளரவேண்டாமா ஐயா? 2000இல் மரியோ கோட்சேவுக்கு 8 வயது. 2014இல் ரியோவில், அர்ஜென்டினாவுக்கு எதிராக 113ஆவது நிமிஷத்தில் அந்த ஒரே கோலை அடித்தது அந்தப் பையன்தான்.

அப்போது பயிற்சியாளர் லோவ். 2006இல் வந்தவர். எட்டு வருஷமாய் ஒரு கோப்பையும் இல்லை. அவரை ஏன் மாற்றவில்லை என்று எதிரணி சொல்லட்டும், நடுவர் அவர்களே!