பயர்பாக்ஸ் பெயரும் டெபியன் பிணக்கும்: கட்டற்ற மென்பொருளில் வணிகக்குறியின் வரலாறு

கட்டற்ற மென்பொருளின் உரிமங்கள் பதிப்புரிமையை அடிப்படையாகக் கொண்டு எழுதப்பட்டவை. நிரலைப் படிக்கவும் திருத்தவும் பிறருக்கு வழங்கவும் யாவருக்கும் இசைவளித்த அவை, திருத்தப்பட்ட நிரல் எந்தப் பெயரில் உலவலாம் என்பதைப் பெரும்பாலும் பேசாமலே விட்டன. பெயர் வணிகக்குறிச் சட்டத்தின் எல்லைக்குள் வருவது. ஒரு பொருள் யாரிடமிருந்து வருகிறது என்பதை மக்கள் ஐயமின்றி அறிவதற்காக ஏற்பட்ட அச்சட்டம், உரிமையாளர் தம் குறியைக் கண்காணிக்காமல் கண்டவரும் தரம் பாராது பயன்படுத்த விட்டால், அவ்வுரிமை வலுவிழக்கக்கூடும் என்று அமெரிக்காவில் கொள்கிறது. எவரும் திருத்தலாம் என்ற கொள்கையும் பெயரைக் காவல் காக்க வேண்டிய கட்டாயமும் என்றேனும் மோதியே தீர வேண்டியிருந்தது.

முதல் எச்சரிக்கை லினக்ஸிடமிருந்து வந்தது. 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தம் இயங்குதளக் கருவுக்கு ஃபிரீயாக்ஸ் என்று பெயரிட எண்ணியிருக்க, பின்லாந்தின் கோப்பு வழங்கியொன்றில் அதற்கு இடம் ஒதுக்கிய ஆரி லெம்கே அந்தக் கோப்புறைக்கு லினக்ஸ் என்று பெயர் வைத்தார், அதுவே நிலைத்தது. அதை யாரும் வணிகக்குறியாகப் பதியவில்லை. 1994-இல் பாஸ்டனைச் சேர்ந்த ஒருவர் தம் பெயரில் விண்ணப்பித்து, மறு ஆண்டு பதிவும் பெற்று, 1996-இல் லினக்ஸ் விற்ற நிறுவனங்களிடம் வருவாயில் 10 விழுக்காடு கேட்டார். வழக்கு தொடரப்பட்டு, 1997-இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி குறி டோர்வால்ட்ஸின் கைக்கு வந்தது.

பயர்பாக்ஸின் கதை இதைவிடச் சிக்கலானது. மொசில்லாவின் உலாவி 2002 செப்டம்பரில் ஃபீனிக்ஸ் என்ற பெயரில் வெளிவந்தபோது, கணினியைத் தொடக்கி வைக்கும் பயாஸ் நிரலுக்குப் பேர்போன ஃபீனிக்ஸ் டெக்னாலஜீஸ் நிறுவனம் மறுப்புத் தெரிவித்தது. 2003 ஏப்ரலில் ஃபயர்பேர்டு என்று மாற்றினார்கள். அப்பெயரிலோ, போர்லாண்ட் நிறுவனம் 2000-இல் திறந்துவிட்ட இன்டர்பேஸ் நிரலிலிருந்து கிளைத்த ஒரு தரவுத்தளத் திட்டம் ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்தது. ஃபீனிக்ஸ் நிறுவனத்தின் மறுப்பைச் சட்டம் தாங்கிற்று என்றால், இந்தச் சிறு திட்டத்தின் மறுப்பைத் தாங்கியது அதன் ஆதரவாளர்கள் எழுப்பிய கூச்சல்தான். 2004 பிப்ரவரி 9 அன்று 0.8 பதிப்புடன் பயர்பாக்ஸ் என்ற பெயர் அறிவிக்கப்படுவதற்கு முன்பே அதைப் பதியும் வேலை தொடங்கிவிட்டது. இரு முறை பெயர் இழந்த மொசில்லா, தேடிப் பெற்ற மூன்றாவது பெயரைக் கடுமையாகக் காத்ததில் வியப்பில்லை.

அந்தக் கடுமையை எதிர்கொண்டது டெபியன். தன்னார்வலர்கள் தொகுக்கும் அந்த லினக்ஸ் வழங்கல், 1997-இல் வகுத்த தன் நெறிகளுக்கு முரணான எதையும் தன் முதன்மைத் தொகுப்பில் சேர்ப்பதில்லை. பயர்பாக்ஸின் நிரல் கட்டற்றது. அதன் இலச்சினைப் படத்தின் பதிப்புரிமையோ மொசில்லாவிடம் இறுகப் பூட்டியிருந்தது. ஆகவே டெபியன் பெயரை வைத்துக்கொண்டு படத்தை நீக்கியது. 2006 பிப்ரவரியில் மொசில்லா, பெயரும் இலச்சினையும் பிரிக்க முடியாதவை என்றும், டெபியன் செய்யும் திருத்தங்கள் தன் ஒப்புதலைப் பெற வேண்டும் என்றும் தெரிவித்தது. ஒரு வெளியீட்டைப் பல ஆண்டுகள் பேணி, மொசில்லா கைவிட்ட பழைய பதிப்புகளுக்கும் பாதுகாப்புத் திருத்தங்களை அப்போது தானே சேர்த்துவந்த டெபியனுக்கு அது நடைமுறைக்கு ஒவ்வாதது. தனக்கு மட்டும் சலுகை பெறவும் வழியில்லை. ஓர் உரிமம் டெபியனுக்கென்று மட்டும் அமையக்கூடாது என்பதும், பெயரை மாற்றச் சொல்லும் நிபந்தனையை ஏற்கலாம் என்பதும் அதே நெறிகளில் இருந்தன. அதன்படி 2007 ஏப்ரலில் வெளிவந்த டெபியன் 4.0-இல், பயர்பாக்ஸ் ஐஸ்வீசலாகவும், தண்டர்பேர்டு அஞ்சல் மென்பொருள் ஐஸ்டவ்வாகவும் மாறின. குனூ திட்டமும் ஐஸ்வீசல் என்ற பெயரில் ஓர் உலாவியை வைத்திருந்ததால், குழப்பம் தவிர்க்க அது அதே ஆண்டில் ஐஸ்கேட் ஆயிற்று.

இரு தரப்பும் தத்தம் விதிப்படி சரியாகவே நடந்தன. எனினும் வணிகக்குறியைக் காக்கப் படத்தின் பதிப்புரிமையையும் பூட்டி வைக்க வேண்டும் என்ற எண்ணமே பிணக்கை வளர்த்தது என்று கொள்ள இடமுண்டு. (டெபியனின் சொந்த இலச்சினையும் அக்காலத்தில் அதன் நெறிகளுக்கு முற்றிலும் இணங்கியதல்ல.) பின்னர் பயர்பாக்ஸ் இலச்சினையின் பதிப்புரிமை கட்டற்ற உரிமத்துக்கு வந்ததும், டெபியனின் திருத்தங்கள் தரத்தைக் குறைக்கவில்லை என்று மொசில்லா ஏற்றதும், 2016-இல் பயர்பாக்ஸும் அடுத்த ஆண்டு தண்டர்பேர்டும் பழைய பெயரில் திரும்பின. வணிகக்குறி அப்போதும் மொசில்லாவிடமே இருந்தது.

பிற திட்டங்களில் பெயர் திரும்பவே இல்லை. வலைப்பின்னல் ஆய்வுக் கருவியான ஈதெரியலை உருவாக்கியவர் 2006-இல் வேலை மாறியபோது, குறி பழைய நிறுவனத்திடம் தங்கிவிட, நிரலை வயர்ஷார்க் என்ற பெயரில் தொடர்ந்தார். 2010-இல் ஓபன்ஆபிஸ் என்ற அலுவலக மென்பொருளைப் பேணியவர்களில் பலர், அப்பெயரை வைத்திருந்த ஆரக்கிள் நிறுவனத்திடமிருந்து பிரிந்து லிப்ரேஆபிஸைத் தொடங்கினர். 2011-இல் ஹட்சன் என்ற நிரலாக்கத் தானியங்கிக் கருவியின் திட்டத்தினர் அதே நிறுவனத்துடன் பெயர் குறித்துப் பிணங்கி ஜென்கின்ஸ் ஆயினர். லிப்ரேஆபிஸ் என்ற குறியை இன்று வைத்திருப்பது வணிக நிறுவனம் எதுவுமன்று; 2012-இல் பெர்லினில் சட்டப்படி நிறுவப்பட்ட டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் என்னும் அறக்கட்டளையே அதன் உரிமையாளர்.