ஹென்றி வீதி வீடு

ஏழைக்கு உதவுவோர் இரு திறத்தினர். ஒரு திறத்தார் தம் இல்லத்தினின்றும் புறப்பட்டுச் சென்று, கொடுப்பதைக் கொடுத்துவிட்டுப் பொழுது சாயுமுன் மீள்வர். மற்றைத் திறத்தார் பெட்டி படுக்கையுடன் சென்று, அவ்வேழைகளின் வீதியிலேயே குடியேறுவர். முன்னையோர் கொடையாளர், பின்னையோர் அயலவர். கொடையாளர் காணாத எதனை அயலவர் காண்பர்? இவ்வினாவுக்கு விடை கூறவல்ல வீடொன்று நியூயோர்க் மாநகரின் கீழைப் பகுதியில், ஹென்றி வீதியில், 265ஆம் இலக்கத்தில் இன்றும் நிற்கின்றது. அதன் வரலாறு யூத மக்களின் இடப்பெயர்ச்சியோடு பின்னிப் பிணைந்தது.

1881ஆம் ஆண்டில் உருசியப் பேரரசன் இரண்டாம் அலெக்சாந்தர் கொலையுண்டான். அதனைத் தொடர்ந்து அந்நாட்டு யூதருக்கு எதிராகக் கலகங்கள் மூண்டன. அவர்களை நெருக்கும் சட்டங்களும் பிறந்தன. அச்சமும் வறுமையும் ஒருங்கே துரத்த, கிழக்கு ஐரோப்பிய யூதர் கூட்டங் கூட்டமாகக் கப்பலேறினர். அவ்வாண்டு முதல் 1924ஆம் ஆண்டு வரை ஏறக்குறைய இருபது இலட்சம் யூதர் ஐக்கிய அமெரிக்காவை அடைந்தனர். அவர்களுள் பெருந்தொகையினர் நியூயோர்க்கின் கீழைப் பகுதியிலேயே தங்கினர். ஐந்து ஆறு மாடிகள் கொண்ட குடியிருப்புக்கள். காற்றும் வெளிச்சமும் புகாத உள்ளறைகள். உண்பதும் உறங்குவதும் கூலிக்குத் தையல் தைப்பதும் அவ்வறைகளிலேயே. வாடகையைச் சமாளிக்க, குடும்பத்தோடு அந்நியரையும் பணம் பெற்றுத் தங்க வைத்தனர். இத்தகைய நெருக்கத்திலே சயரோகம் எளிதில் பரவியதில் வியப்பில்லை.

அதே நகரின் மேற்புறத்தில் வேறொரு யூத சமூகம் வாழ்ந்தது. ஜேர்மனியிலிருந்து முன்னரே வந்து, வாணிகத்திலும் வங்கித் தொழிலிலும் செல்வம் ஈட்டியோர் அவர். புதிதாக வந்தோர்பால் அவர்களுக்கு இனப்பற்று இருந்தது. அவர்களால் தமக்கு இழுக்கு நேருமோ என்ற கூச்சமும் இருந்தது. பணம் தாராளமாகக் கீழைப் பகுதிக்குச் சென்றது. பணத்தோடு மனிதர் சென்று தங்குவது அரிதாயிருந்தது.

இந்த மேற்குடிச் சூழலில் வளர்ந்தவரே லிலியன் வால்ட் அம்மையார். 1867ஆம் ஆண்டில் சின்சினாட்டி நகரிற் பிறந்து, ரொச்செஸ்டர் நகரில் வளர்ந்தவர். வசதியான இல்லத்தை விட்டுத் தாதித் தொழிலைத் தாமே விரும்பித் தெரிந்து, 1891ஆம் ஆண்டில் நியூயோர்க்கில் அப்பயிற்சியை முடித்தார். 1893ஆம் ஆண்டில், கீழைப் பகுதித் தாய்மாருக்கு வீட்டில் நோயாளரைப் பேணும் முறையைக் கற்பிக்க வகுப்பொன்று நடத்தி வந்தார். ஒருநாள் சிறுமி ஒருத்தி வகுப்பறைக்கு வந்து, தன் தாய் நோயுற்றிருப்பதாகக் கூறி அவரை அழைத்தாள்.

அச்சிறுமியின் பின்னே, குப்பை குவிந்த தெருக்களைக் கடந்து, அழுக்கடைந்த மாடிப்படிகளில் ஏறிச் சென்றார் அவர். இரண்டு அறைகளில் எழுவர் கொண்ட குடும்பம். அவர்களோடு வாடகைக்குத் தங்கிய பிறரும் இருந்தனர். பிள்ளை பெற்ற தாய் குருதிப் பெருக்குடன் கிடந்தாள். அம்மையார் அவளைத் துடைத்துத் தூய்மை செய்தார்; படுக்கையை மாற்றினார்; அறையைக் கழுவினார். பணிவிடை முடிந்து புறப்படுகையில் அவ்வீட்டார் அவர் கைகளை முத்தமிட்டனர்.

இந்நிகழ்ச்சியில் அம்மையாரை வருத்தியது அந்த வறுமை மாத்திரமன்று. இத்தனை ஆண்டுகள் அதே நகரில் வாழ்ந்தும் இதனை அறியாதிருந்தோமே என்பதே அவரைச் சுட்டது. இந்நிலையை மக்கள் அறிந்தால் பொறுத்திரார் என்று அவர் நம்பினார். அறிய வேண்டுமாயின் அங்கு வாழ வேண்டும். உடன் பயின்ற மேரி புரூஸ்டர் என்ற தாதியும் இணங்க, இருவரும் அவ்வாண்டே கீழைப் பகுதியிற் குடிபுகுந்தனர். சின்னாட்களில் ஜெபர்சன் வீதிக் குடியிருப்பொன்றின் உச்சி மாடியில் அமர்ந்தனர்.

ஏழைகளிடையே கற்றோர் குடியேறி வாழ்வது அந்நாளில் முற்றும் புதியதன்று. இலண்டனில் 1884ஆம் ஆண்டில் சாமுவேல் பார்னெட் பாதிரியார் டொயின்பி மண்டபத்தை நிறுவியிருந்தார். சிக்காகோவில் ஜேன் அடம்ஸ் அம்மையாரும் அவர் தோழியும் 1889ஆம் ஆண்டில் ஹல் இல்லத்தைத் தொடங்கியிருந்தனர். ஆயினும், தாதியர் தம் தொழிலையே கையிற்கொண்டு குடியேறியது ஹென்றி வீதியின் தனிச் சிறப்பு. வைத்தியர் வழியாகவோ, தருமச் சங்கம் வழியாகவோ அவர்களை அழைக்க வேண்டியதில்லை. எந்தச் சமயத்தவராயினும், எந்த நாட்டவராயினும், கதவைத் தட்டினாற் போதும். கொடுக்க இயன்றோர் சிறுதொகை கொடுத்தனர். இயலாதோர் கொடாது விடுத்தனர். சிறுதொகையேனும் கொடுத்தவன் பிச்சை பெற்றவன் ஆகான் என்பது அவ்விதியின் உட்கருத்து.

1895ஆம் ஆண்டில், ஜேக்கப் ஷிஃப் என்ற யூத வங்கியாளர் ஹென்றி வீதி வீட்டை வாங்கி அவர்களுக்கு உதவினார். அவ்வீட்டிலே தாதியரும் ஏனைத் தொண்டரும் ஒன்றாக வாழ்ந்தனர். ஒரே மேசையில் உண்டனர். அந்த மேசையின் பயன் பெரிது. ஒரு வீட்டில் ஒரு தாதி கண்ட குறை தனிக்குறையாகத் தோன்றும். பல வீடுகளிற் பலர் கண்ட அதே குறை ஒரே மேசையிற் பேசப்படும்போது, அது தனி மனிதரின் குறையன்று, ஒழுங்கின் குறை என்பது விளங்கும். தாதியர் ஒவ்வொரு மாடிக் கட்டிடமாக இறங்கி ஏறாது, கூரையிலிருந்து அடுத்த கூரைக்குக் கையிற் பையுடன் தாண்டிச் செல்லும் புகைப்படம் ஒன்று பெயர்பெற்றது. 1913ஆம் ஆண்டளவில் தாதியர் தொகை 92 ஆயிற்று. அவர்கள் ஓராண்டிற் சென்று கண்ட தடவைகள் ஏறக்குறைய இரண்டு இலட்சம்.

அயலவர் கண்டது யாது? ஒரு சான்று போதும். பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் தலையிற் புண் காரணமாகப் பாடசாலையில் அனுமதிக்கப்படாதிருந்தான். புண்ணுக்கு மருந்திட்டுப் பேணுவாரின்றி எழுத்தறிவும் அவனுக்கு எட்டாதாயிற்று. தொற்றுநோயுள்ள பிள்ளைகளைப் பாடசாலையினின்றும் விலக்க வைத்தியப் பரிசோதகர் இருந்தனர். விலக்கப்பட்ட பிள்ளையைக் குணப்படுத்தித் திரும்பச் சேர்க்க ஒருவரும் இருந்திலர். வால்ட் அம்மையார் நகராட்சியை அணுகி, தம் தாதியருள் ஒருவரை ஒரு மாதத்திற்குத் தர முன்வந்தார். 1902ஆம் ஆண்டில் லினா ரொஜர்ஸ் என்ற அத்தாதி நான்கு பாடசாலைகளிற் பணிபுரிந்தார். பயன் கண்கூடாயிற்று. நகராட்சி தன் செலவிலேயே பாடசாலைத் தாதியரை நியமிக்கத் தொடங்கியது. ஒரு சிறுவனின் தலைப்புண் ஒரு நகரத்தின் வழக்கத்தை மாற்றியது.

அடுத்த படி நாட்டளவிலானது. குழந்தைத் தொழிலாளருக்காகப் போராடிய புளோரன்ஸ் கெலி அம்மையார் 1899ஆம் ஆண்டு முதல் அவ்வீட்டில் வாழ்ந்தவர். பருத்திச் செடியை அழிக்கும் வண்டைப் பற்றி ஆராய அரசாங்கத்தின் வேளாண்மைத் துறை முனைந்ததைப் பத்திரிகையிற் கண்டபோது, பருத்திக்குக் காட்டும் அக்கறையைப் பிள்ளைகளுக்குக் காட்டலாகாதா என்ற எண்ணம் வால்ட் அம்மையாருக்கு உதித்தது. இருவரும் அவ்வெண்ணத்தை விடாது வற்புறுத்தினர். 1912ஆம் ஆண்டில், ஐக்கிய அமெரிக்க அரசாங்கத்தில் சிறுவர் பணியகம் ஒன்று சட்டப்படி அமைந்தது.

வீட்டின் கதவு நிறவேற்றுமையும் பாராதது. 1906ஆம் ஆண்டில் எலிசபெத் டைலர் என்ற கறுப்பினத் தாதி அங்குப் பணியிற் சேர்ந்தார். 1909ஆம் ஆண்டில் கறுப்பின மக்களின் உரிமைக்காக மாநாடு ஒன்று கூடியபோது, இரு இனத்தாரும் ஒருங்கிருக்க இடந்தருவோர் அருகியிருந்த அந்நகரில், ஹென்றி வீதி வீடே அவர்களை வரவேற்றது. அம்மாநாட்டிலிருந்தே பின்னர்க் கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்கான தேசிய சங்கம் தோன்றியது. முதல் உலக யுத்த காலத்தில் அம்மையார் யுத்தத்தை எதிர்த்தார். அதனால் நன்கொடையாளர் சிலரின் ஆதரவை இழந்தார். நீதியைப் பேசத் தொடங்கும் தருமத்துக்கு நண்பர் குறைவது உலக இயல்பு.

இவ்வீடு யூத நிலையமா என்ற வினா எழலாம். வால்ட் அம்மையார் அதனைச் சமயச் சார்பற்றதாகவே நடத்தினார். ஆயினும் தொடங்கியவர் யூதர். பொருள் உதவியோருட் பலர் யூதர். அயலவருட் பெரும்பாலோர் யூதர். அன்றியும், எபிரேய மொழியில் தருமத்தைக் குறிக்கும் ‘செதாக்கா’ என்ற சொல், நீதியைக் குறிக்கும் ‘செதெக்’ என்ற சொல்லோடு ஒரே வேரிற் பிறந்தது. கொடுப்பது இரக்கத்தின் செயலன்று, கடனைத் தீர்ப்பது என்பது அச்சொல்லின் உட்பொருள். 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த யூத அறிஞர் மைமோனிடிஸ் கொடையை எட்டுப் படிகளாக வகுத்து, ஒருவன் பிறரிடம் கையேந்தாவாறு அவனுக்குத் தொழிலோ கடனோ கூட்டுறவோ தந்து நிலைநிறுத்துவதையே உச்சிப் படியாக வைத்தார். மருந்திலிருந்து சட்டத்துக்கு ஏறிய ஹென்றி வீதியின் பாதை இப்படிகளுக்கு அயலானதன்று.

வால்ட் அம்மையார் நாற்பது ஆண்டுகள் தலைமை தாங்கி, 1933ஆம் ஆண்டில் ஓய்வு பெற்று, 1940ஆம் ஆண்டில் மறைந்தார். வீடுதோறும் செல்லும் தாதியர் சேவை 1944ஆம் ஆண்டில் தனி நிறுவனமாகப் பிரிந்தது. ஆனால், கூடிவாழ்ந்து தொண்டாற்றும் எண்ணம் அந்நகரில் மீண்டும் தளிர்த்தது. 1998ஆம் ஆண்டில் ‘அவோதா’ என்ற யூதத் தொண்டர் அமைப்பு நியூயோர்க்கில் தோன்றியது. இளைஞரும் யுவதிகளும் ஓராண்டுக் காலம் ஒரே வீட்டில் வாழ்வர். பகலில் வறுமையை எதிர்க்கும் நிறுவனங்களில் முழுநேரப் பணி. மற்றை வேளையிற் கூடிப் படிப்பும் விவாதமும். வாஷிங்டன், சிக்காகோ, நியூ ஓர்லியன்ஸ் நகரங்களிலும் பின்னர் அத்தகைய இல்லங்கள் அமைந்தன. சமய விதிகளைக் கண்டிப்பாகக் கைக்கொள்வோரும், அவற்றைப் பொருட்படுத்தாதோரும் அவற்றில் ஒருங்கே வாழ்வர். சமையலறையில் எந்த உணவு விதி, ஓய்வுநாளில் எந்த ஒழுங்கு என்பவற்றை அவர்களே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு சமையலறையில் உடன்பட இயலாதோர் ஒரு நகரின் பிணக்கை எவ்வாறு தீர்ப்பர்? பேரை நோக்கினும் பொருத்தம் உண்டு. ‘அவோதா’ என்ற எபிரேயச் சொல் உழைப்பையும் குறிக்கும், வழிபாட்டையும் குறிக்கும். எகிப்திலே மன்னனுக்கு அடிமையாய்ச் செய்த வேலைக்கும், ஆலயத்தில் இறைவனுக்குச் செய்த பணிக்கும் அம்மொழியில் ஒரே சொல்தான்.

ஓராண்டு போதுமா என்று வினவுவோர் உளர். வினா நியாயமானதே. வால்ட் அம்மையார் தங்கிய நாற்பது ஆண்டுகள் எங்கே, இளைஞர் தங்கும் பன்னிரண்டு மாதங்கள் எங்கே? அதனினும் கூர்மையான வினாவும் உண்டு: தொண்டர் விரும்பிய நாளில் வீடு திரும்பலாம், ஏழைக்கு அத்தெரிவு இல்லை. மேரி புரூஸ்டர் உடல்நலம் குன்றியபோது ஹென்றி வீதியை விட்டு நீங்கினார். அந்த மாடிக் குடியிருப்புத் தாய்க்கு நோய் வந்தபோது நீங்கிச் செல்ல இடமிருக்கவில்லை. எத்தனை நாள் உடனிருந்தாலும் இவ்வேற்றுமையை அழிக்க இயலாது. அதனை மறைக்க முயல்வதே பிழை.

எனினும், ஒரு மாதப் பணியே பாடசாலைக் கதவைத் திறந்தது என்பதை மறக்கலாகாது. தங்கிய காலத்தின் நீளமன்று, தங்கியவர் மீளும்போது எதைக் கொண்டு மீள்கிறார் என்பதே எடை போடத்தக்கது. தருமம் செய்த நிறைவோடு மீள்பவர் பயணியே ஆவார். புண்ணுள்ள சிறுவன் ஏன் பள்ளிக்கு வெளியே நிற்கிறான் என்ற வினாவோடு மீள்பவர், எங்கு வாழ்ந்தாலும் அச்சிறுவனின் அயலவராகவே இருப்பார். ஹென்றி வீதியின் அந்தப் பழைய மேசை கற்பித்த பாடம் இதுவே.